போலீஸ் ஸ்டேஷனில் முதல் அரை மணி நேரம்

பலாத்காரத்துக்கு ஆளான பெண்களிடமும், சாதி வெறியர்களின் தாக்குதலில் தப்பிப் பிழைத்தவர்களிடமும், கணவன் கையால் குற்றுயிராக அடிபட்டு வந்தவர்களிடமும் எப்படிப் பேச வேண்டும், எப்படிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று போலீஸாருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை இன்று நாட்டில் பல பக்கங்களிலிருந்தும் எழுந்திருக்கிறது. நல்ல கோரிக்கை. நாம் இதை ஆதரிக்கிறோம். ஆனால் நம் தோழர்களில் சிலருக்கு இதில் சந்தேகம். "போலீஸ் என்பது ஆளும் வர்க்கத்தின் கைத்தடி. தடிக்குப் பயிற்சி கொடுத்தால் அது பூங்கொத்தாகிவிடுமா?" என்று ஒரு கிளைக் கூட்டத்தில் இளம் தோழர் ஒருவர் கேட்டார். கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியில்தான் அந்தச் சிரிப்பு நமக்கு உறைத்தது. ஏனென்றால், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஏழைப் பெண்ணின் வழக்கு கோர்ட்டில் தோற்றுப்போனதில் போலீஸுக்கு மட்டுமல்ல, நமக்கும் பங்கு உண்டு. அதை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுவதுதான் முறை.

அந்தப் பெண் செங்கல் சூளைத் தொழிலாளி. எந்த ஊர், எந்தச் சூளை என்று எழுதக் கூடாது; சட்டமும் தடுக்கிறது, நம் மனமும் தடுக்கிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு கணவனும் மனைவியுமாகக் கல் அறுக்க வந்தவர்கள். சூளையில் கணக்குப் பார்ப்பவன், முதலாளிக்கு உறவுக்காரன், கணவன் லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் போயிருந்த ஒரு ராத்திரியில் அவளைப் பலாத்காரம் செய்தான். இரண்டு நாள் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பக்கத்துக் குடிசைக் கிழவி ஒருத்தி அவள் கையைப் பிடித்து நம் சங்க அலுவலகத்துக்கு அழைத்து வந்தாள்.

நாம் செய்தது என்ன? அலுவலகத்தில் அப்போது நான்கு ஆண்கள் இருந்தோம். பெஞ்சில் உட்கார வைத்தோம், டீ வாங்கிக் கொடுத்தோம். அதுவரை சரி. பிறகு, "நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லம்மா" என்றோம். அவளுக்கு வரிசை வரவில்லை. சூளைப் புகையின் நெடியைச் சொன்னாள். டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்ததைச் சொன்னாள். அவன் சட்டைப் பையிலிருந்து சில்லறை விழுந்து உருண்டது, அதை அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான் என்றாள். இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நமக்கு எரிச்சல் வந்தது. "அதெல்லாம் இருக்கட்டும், எத்தனை மணிக்கு நடந்தது?" என்றபோது நம் குரலும் கொஞ்சம் உயர்ந்தது. "கோயில் பாட்டு நின்ற பிறகு" என்றாள். அப்போது பங்குனித் திருவிழா. மாரியம்மன் கோயிலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். வழக்கமாக எட்டு மணிக்குப் பாட்டை நிறுத்திவிடுவார்கள் என்ற நினைப்பில் நாம் "இரவு சுமார் 8 மணியளவில்" என்று எழுதினோம். கூச்சல் போட்டாயா என்று கேட்டோம். பதில் இல்லை. "கூச்சலிட்டும் உதவிக்கு யாரும் வரவில்லை" என்று நாமே சேர்த்துக்கொண்டோம். சில்லறை உருண்டதை விட்டுவிட்டோம். மனுவை எண் போட்டு, பிழையில்லாத தமிழில், வரிசையாக எழுதி முடித்து அவள் பெருவிரலை மையில் ஒற்றி ரேகை வாங்கினோம். அப்படி எழுதினால்தான் போலீஸ் நம்பும் என்பது இருபது வருஷ மனு எழுதிய அனுபவம் நமக்குக் கற்றுக் கொடுத்திருந்தது!

ஸ்டேஷனில் நடந்ததை அதிகம் சொல்லத் தேவையில்லை. படிக்கிற தோழர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். பாராவில் நின்றவர் வாசலிலேயே "என்ன கேஸ்?" என்று உரக்கக் கேட்டார். தெருவில் போகிறவன் காதிலும் விழும்படி பதில் சொல்ல வேண்டியிருந்தது. ரைட்டர் மேஜைக்கு எதிரே லாக்கப். அதற்குள் இரண்டு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஏட்டு மூன்று கேள்வி கேட்டார். "ரெண்டு நாளா என்னம்மா பண்ணிக்கிட்டிருந்த?" "ஏன் கத்தல?" "சூளையில அட்வான்ஸ் பாக்கி எவ்வளவு நிக்குது?" மூன்றாவது கேள்விதான் விஷம். கடனை ஏமாற்றப் பொய்ப் புகார் கொடுக்கிறாள் என்று அவர் மனத்துக்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார். மகளிர் ஸ்டேஷனுக்குப் போங்கள் என்று தட்டிக் கழிக்கப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் வாதாடிய பிறகு வழக்குப் பதிவாயிற்று. எப்.ஐ.ஆரில் நம் மனுவை அப்படியே, எழுத்து மாறாமல், காப்பி அடித்திருந்தார்கள். அன்றைக்கு அதை நம் வெற்றி என்று நினைத்தோம்.

மாஜிஸ்திரேட்டிடம் அவள் தன் வாயால் சொன்னாள். புகை நெடி, டார்ச், சில்லறை, பாட்டு நின்ற பிறகு. கத்த நினைத்தேன், வாய் வரவில்லை என்றாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை. அன்றைக்குக் கோயிலில் நாடகம், பத்தரை மணி வரை ஒலிபெருக்கி பாடியது என்று ஒரு சாட்சி. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்? "எட்டு மணியா, பத்தரைக்குப் பிறகா? எது பொய்?" "கத்தியதாக எழுதியிருக்கிறதே, கத்தவில்லை என்கிறாயே, எது பொய்?" கடைசியாக, "இந்த மனுவை எழுதியது யார்?" அவள் நம் பக்கம் கையைக் காட்டினாள். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து எதிரியை விடுதலை செய்தார்கள். அப்பீல் செய்யலாம் என்று நாம் சொன்னோம். "போதும் அண்ணே" என்றாள்.

முதல் நாள் நம் அலுவலகத்தில் சொன்னதையும் கடைசி நாள் கோர்ட்டில் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவள் பேச்சில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியது நாம் எழுதிய எழுத்து.

தோழர்களே, உயிருக்கு ஆபத்து என்று உடம்பு நினைக்கும் நேரத்தில் மனித மூளை கடிகாரம் பார்ப்பதில்லை. சில விஷயங்களைக் கல்லில் வெட்டியதுபோல் பதித்துக்கொள்கிறது: ஒரு நெடி, ஒரு சத்தம், ஒரு வெளிச்சம். நேரம், வரிசை, யார் முதலில் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் சிதறிப் போகின்றன. சிதறியவற்றில் சில ஒரு நாள் தூங்கி எழுந்த பிறகு திரும்ப வரலாம். சில வராமலே போகலாம். அழ வேண்டிய இடத்தில் சிரிப்பு வரலாம். மரக்கட்டைபோல் உணர்ச்சியில்லாமல் பேசலாம். போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களிடமும், ரயில் விபத்தில் தப்பியவர்களிடமும் டாக்டர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். சிப்பாய்க்கு வந்தால் நோய் என்கிறோம். கூலிக்காரப் பெண்ணுக்கு வந்தால் "முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறாள்" என்கிறோம்.

"ஏன் கத்தவில்லை?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில், பலாத்காரத்துக்கு ஆளானவர்களுக்கென்றே இருக்கும் அவசர சிகிச்சை நிலையத்துக்கு வந்த 298 பெண்களை டாக்டர்கள் விசாரித்து 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்தில் ஏழு பேர், அந்த நேரத்தில் தங்கள் உடம்பு கணிசமான அளவுக்கு விறைத்துப் போயிற்று, அசையவோ கத்தவோ முடியவில்லை என்றார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது மிகக் கடுமையாக இருந்தது. பாம்பின் முன் தவளை அசையாமல் உட்கார்ந்துவிடுகிறதே, அதைப்போல. அது சம்மதம் அல்ல. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் காரியம். இதை ஏட்டையா அறியார். சரி, மன்னித்து விடலாம். இந்த நாட்டின் சுப்ரீம் கோர்ட்டே ஒரு காலத்தில் அறியவில்லையே!

1972-ம் வருஷம் மார்ச் மாதம் மகாராஷ்டிரத்தில் தேசாய்கஞ்ச் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே மதுரா என்று பெயர் சொல்லப்பட்ட ஆதிவாசிச் சிறுமியை இரண்டு போலீஸ்காரர்கள் சீரழித்த வழக்கு நாடறிந்தது. ஹைகோர்ட் தண்டித்தது. 1978-ல் சுப்ரீம் கோர்ட் விடுதலை செய்தது. காரணம்? உடம்பில் காயமில்லை, அவள் கூச்சல் போடவில்லை! உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979-ல் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். மாதர் இயக்கங்கள் தெருவில் இறங்கின. அதன் பலனாகத்தான் 1983-ல் சட்டம் திருந்தியது. 2012 டிசம்பரில் டெல்லி பஸ்ஸில் நடந்த கொடுமைக்குப் பிறகு வர்மா கமிட்டி அமைந்து, ஒரே மாதத்தில் அறிக்கை கொடுத்து, 2013-ல் மறுபடி சட்டம் திருந்தியபோதுதான், உடல்ரீதியாக எதிர்க்கவில்லை என்பதனால் மட்டும் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்று சட்டப் புத்தகத்தில் எழுத்தில் ஏறிற்று. ஒரு வரி சட்டத்தில் ஏற நாற்பது வருஷம்!

இன்றைக்குச் சட்டத்தில் குறை என்று பெரிதாகச் சொல்வதற்கில்லை. பாலியல் குற்றத்தில் பெண்ணின் புகாரைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும், எல்லை எங்களுடையதல்ல என்று விரட்டாமல் வழக்குப் பதிய வேண்டும். எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். வாக்குமூலத்துக்காகப் பெண்ணை ஸ்டேஷனுக்கு இழுக்கக் கூடாது. அவள் வீட்டுக்குப் போக வேண்டும். 2012-ல் வந்த போக்சோ சட்டம், குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் போலீஸ் அதிகாரி யூனிபாரம் போட்டிருக்கக் கூடாது என்றே சொல்கிறது. இப்படிப்பட்ட புகாரைப் பதிய மறுக்கும் போலீஸ் உத்தியோகஸ்தருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல் என்று 2013-ல் வந்த பிரிவு, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் 199-வது பிரிவாக இருக்கிறது. நாம் கேட்கிறோம்: நமக்குத் தெரிந்த ஸ்டேஷன்களில் புகார் வாங்காமல் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனை பேர்? அதற்காக ஆறு மாதம் உள்ளே போன ஏட்டையோ இன்ஸ்பெக்டரையோ நீங்கள் பார்த்ததுண்டா?

சரி, பதிவு செய்தால் மட்டும் போதுமா? பொள்ளாச்சியில் 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி துணிந்து புகார் கொடுத்தார். புகார் கொடுத்த குடும்பத்தின் மீது தாக்குதல் நடந்தது. ரகசியமாகக் காக்க வேண்டிய பெயரைப் பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் சொன்னவர் மாவட்டப் போலீஸின் உயர் அதிகாரியே! அதைக் கேட்ட பிறகு எந்தப் பெண் முன்வருவாள்? அப்படியும் எட்டுப் பெண்கள் கோர்ட்டில் உறுதியாக நின்றார்கள். 2025 மே 13-ல் கோவை மகளிர் கோர்ட் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பெருமை அந்தப் பெண்களுக்கும், அவர்களைக் காத்து நின்றவர்களுக்கும் உரியது.

2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக மாணவியின் வழக்கில், அவருடைய விவரங்களோடு எப்.ஐ.ஆர். ஊர் முழுக்கப் பரவியது. எப்.ஐ.ஆர். எழுதப்பட்ட விதம் மாணவியையே பழிப்பதாக இருக்கிறது என்று சென்னை ஹைகோர்ட் கண்டித்தது. 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சர்க்காருக்கு உத்தரவிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த எப்.ஐ.ஆரை அப்படி எழுதிய கை எந்தப் பள்ளிக்கூடத்தில் அதைக் கற்றது? தலைநகரத்தில், பல்கலைக்கழக மாணவிக்கே இப்படி எழுதுகிறார்கள் என்றால், ரேகை வைக்கும் சூளைத் தொழிலாளிக்கு எப்படி எழுதுவார்கள்?

இப்போது நம் இளம் தோழரின் கேள்விக்கு வருவோம். அவர் கேள்வியில் உண்மை இல்லாமலில்லை. 1992 ஜூன் 20-ல் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் காயத்தை உண்டாக்கியவர்களே வனத்துறை, போலீஸ், ரெவின்யூ உத்தியோகஸ்தர்கள்தான். பதினெட்டுப் பெண்கள். புகார் வாங்க ஆளில்லை. புகார் சொன்னவர்கள்தான் சிறைக்குப் போனார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் வெளியே கொண்டுவந்தது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1995-ல் சி.பி.ஐ. விசாரணை. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் செத்தே போனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி கோர்ட் சொன்னது. சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து அதே தேதியில் ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. சாத்தான்குளத்தில் 2020-லும், திருப்புவனத்தில் 2025-லும் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அடிக்கிற கைக்கு ஆறுதல் சொல்லக் கற்றுக் கொடுப்பதா என்று கேட்டால் கோபம் நியாயமே.

ஆனால் வாச்சாத்தி இன்னொன்றையும் சொல்கிறது. சாதாரண மலைவாழ் பெண்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பல வருஷம் கழித்தும் அடையாளம் காட்டினார்கள். அவர்கள் சொல்லை கோர்ட் நம்பியது. அவர்களிடம் பொறுமையாக உட்கார்ந்து கேட்க ஆட்கள் இருந்தார்கள். கேட்பதற்கு ஆள் இருந்தால் அந்தச் சாட்சியம் 269 பேரையும் கூண்டில் ஏற்றும். இல்லாவிட்டால் ஒரு கணக்குப்பிள்ளைகூடத் தப்பிவிடுவான். சாத்தான்குளத்திலும் அந்த ராத்திரி ஸ்டேஷனுக்குள் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அங்கே பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர்தானே? சுற்றி நின்றவர்களின் மிரட்டலுக்கு நடுவே, பயத்தோடுதான் சொன்னார். ஆக, போலீஸ் முழுவதும் ஒரே தடி என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. ராஜ்ய யந்திரத்தின் தன்மை மாறுகிற வரையில் காத்திரு என்று இன்று ராத்திரி அடிபட்டு வருகிறவளிடம் எந்தத் தோழர் சொல்வார்? எட்டு மணி நேர வேலைக்குப் போராடும்போது முதலாளித்துவம் ஒழிந்த பிறகு பார்க்கலாம் என்று நாம் சொன்னோமா?

பயிற்சியால் பலன் உண்டா? உண்டு, ஆனால் சர்க்கார் நினைக்கிற மாதிரி அல்ல. ராஜஸ்தானில் 162 போலீஸ் ஸ்டேஷன்களில், ஏறத்தாழ 80 லட்சம் ஜனங்கள் வாழும் பிரதேசத்தில், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டப்ளோ முதலிய பொருளாதார அறிஞர்கள் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். போலீஸாருக்குப் பயிற்சி, நினைத்தபோது இடமாற்றம் செய்வதை நிறுத்துவது, ஊர் ஜனங்களை ஸ்டேஷனில் பார்வையாளராக உட்கார வைப்பது, போலீஸ்காரருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, வேலை மாற்றிக் கொடுப்பது. இவற்றில் முதல் இரண்டும் பலன் கொடுத்தன. மற்றவை பலன் காட்டவில்லை. ஸ்டேஷன் மட்டத்தில் அவை சரியாக அமலாகாததே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். படியுங்கள் தோழர்களே: பாடம் நடத்து என்றால் நடத்துகிறார்கள், காவலருக்கு ஒரு நாள் லீவு கொடு, ஜனங்களை உள்ளே விடு என்றால் நடக்கவில்லை!

மத்தியப் பிரதேசத்தில் 12 மாவட்டங்களில் 180 ஸ்டேஷன்களை மூன்று பிரிவாக்கிச் செய்த பரிசோதனையின் முடிவு 2022-ல் வெளியாயிற்று. பெண்களுக்கென்று தனி உதவி மேஜை, தனி அறை, அதில் உட்காருகிறவருக்குப் பயிற்சி, எப்படி நடக்க வேண்டும் என்று எழுத்தில் விதிமுறை. இப்படி வைத்த ஸ்டேஷன்களில் பெண்களின் புகார்கள் அதிகம் பதிவாயின. அந்த மேஜையில் பெண் அதிகாரியே உட்கார்ந்த இடங்களில் எப்.ஐ.ஆர். பதிவு குறிப்பாகக் கூடியது. ஆகவே பெண் போலீஸ் இருந்தால் போதும் என்பதல்ல. பயிற்சி, அறை, விதிமுறை, பொறுப்பான ஆள், எல்லாம் சேர்ந்து வந்தபோதுதான் பலன். நம் மாநிலத்தில் 1992-லேயே மகளிர் ஸ்டேஷன்கள் தொடங்கினார்கள். வரவேற்றோம். ஆனால் அதையே சாக்காக வைத்து மற்ற ஸ்டேஷன்காரர்கள் "இது எங்கள் வேலை இல்லை" என்று பெண்களைப் பஸ் ஏற்றிவிடுகிறார்கள். அங்கே போனால், "குடும்பம்னா அப்படித்தான், அனுசரிச்சுப் போம்மா" என்று ராஜி பேசுகிறார்கள். காக்கிப் புடவை கட்டியவர் சொன்னாலும் அந்த உபதேசம் உபதேசம்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதை எழுதினால் சில தோழர்கள் கோபிக்கலாம். அந்த ஏட்டு அன்று ராத்திரி எத்தனை மணி நேரமாக முழித்திருந்தார் என்று நாம் விசாரிக்கவில்லை. திருவிழா பந்தோபஸ்து முடிந்து நேரே வந்தவர் என்று பிறகு தெரிந்தது. போலீஸ்காரருக்கு வார விடுமுறை என்று 2021-ல் நம் மாநிலத்தில் உத்தரவு போட்டார்கள். எத்தனை ஸ்டேஷனில் கிடைக்கிறது என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். அதிகாரி வீட்டில் காய்கறி வாங்குகிற, நாய் குளிப்பாட்டுகிற ஆர்டர்லி முறையை 1979-லேயே ஒழித்துவிட்டதாகச் சொன்னார்கள். 2022-ல் ஹைகோர்ட் மறுபடியும் ஒழிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சங்கம் வைத்துக் கேட்கலாமென்றால் 1966-ம் வருஷச் சட்டம் கையைக் கட்டுகிறது. விபத்துப் பிணத்தைத் தூக்குகிறவனும், தூக்கில் தொங்குகிற பிள்ளையைக் கயிறு அறுத்து இறக்குகிறவனும் அவன்தான். அவன் மனத்தில் உறைகிற காயத்தை யார் கேட்டார்கள்? மேலே இருப்பவன் தன்னை மிதிப்பதை விதி என்று ஏற்றுக்கொண்டவன், தனக்குக் கீழே வந்து நிற்பவளை எப்படி நடத்துவான்? இது அவன் குற்றத்துக்கு மன்னிப்பு அல்ல. பயிற்சி என்று மூன்று நாள் லெக்சர் போட்டு, பிஸ்கட் கொடுத்து, சர்ட்டிபிகேட்டோடு போட்டோ பிடித்து அனுப்பினால் அவன் மாறமாட்டான் என்பதற்காகச் சொல்கிறோம்.

அப்படியானால் என்ன பயிற்சி? பெரிய வித்தை ஒன்றுமில்லை. அவள் எங்கே தொடங்குகிறாளோ அங்கேயே தொடங்க விடு. குறுக்கே பேசாதே. "ஏன்" என்று தொடங்கும் கேள்வியைக் கேட்காதே. "உனக்கு என்ன நினைவிருக்கிறது" என்று கேள். மணி தெரியவில்லை என்றால் மணி எழுதாதே. கோயில் பாட்டு நின்ற பிறகு என்றால் அதையே எழுது. பாட்டு எத்தனை மணிக்கு நின்றது என்று கண்டுபிடிப்பது உன் வேலை, அவள் வேலை அல்ல. சில்லறை உருண்டது என்றால் சில்லறையையும் எழுது. அந்தச் சில்லறைதான் அவள் அங்கே இருந்தாள் என்பதற்குச் சாட்சி. டாக்டரிடம் உடனே அனுப்பு, சாட்சியம் அழியாமல் பார். முதல் புகாரைச் சுருக்கமாகப் பதிந்து, விரிவான வாக்குமூலத்தை அவள் தூங்கி எழுந்த பிறகு வாங்கு. கூட ஒருவரை உட்கார விடு. அடுத்து என்ன நடக்கும், யார் வருவார்கள், எங்கே கூப்பிடுவார்கள் என்று அவளிடம் சொல். ஒன்றும் தெரியாமல் காத்திருப்பதே பாதிக் கொடுமை. லாக்கப்புக்கு எதிரே நிற்க வைக்காதே. இவ்வளவுதான். இதை டி.எஸ்.பி.க்கும் எஸ்.பி.க்கும் கற்றுக் கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை; அவர்கள் மேஜைக்கு அவள் வருவதே இல்லை. பாராவில் நிற்பவர், ரைட்டர், ஏட்டு, இவர்களுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும். கற்றவரை ஆறு மாதத்தில் வேறு ஊருக்குத் தூக்கி அடிக்கக் கூடாது. கற்ற பிறகும் புகாரைத் திருப்பி அனுப்பினால் 199-வது பிரிவை அவர் மேல் போட வேண்டும். பயிற்சி வகுப்பில் மாதர் சங்கத்தினரும், மனநல டாக்டர்களும், தாங்களே விரும்பி வந்தால் பாதிக்கப்பட்ட பெண்களும் பேச இடம் வேண்டும். ரிட்டயர்டு அதிகாரியின் வீரப் பிரதாபங்களை அங்கே யாரும் கேட்க வேண்டியதில்லை.

நம் சங்க அலுவலகத்திலும் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். இப்படி ஒரு பெண் வந்தால் ஆண்கள் வெளியே போய்விடுவது. மாதர் சங்கத் தோழர் வரும்வரை ஒன்றும் கேட்காமலிருப்பது. மனுவை அவள் சொல்கிற பேச்சிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, அவள் "ஆமாம்" என்ற பிறகே ரேகை வாங்குவது. நல்ல தமிழில் எழுத வேண்டும் என்ற ஆசையை நாம் விட்டுவிட்டோம். அது அத்தனை சுலபமாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்; கை தானாகவே "சுமார் 8 மணியளவில்" என்று எழுதப் போகிறது.

சமீபத்தில் வேறொரு வேலையாக அதே ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். உள்ளே ஒரு மூலையில் ரோஸ் நிறத்தில் "பெண்கள் உதவி மையம்" என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். புது மேஜை, இரண்டு நாற்காலி. மேஜை மேல் பறிமுதல் செய்த லாட்டரிச் சீட்டுக் கட்டு. நாற்காலியில் ஒருவரும் இல்லை. இங்கே உட்காருகிறவர் எங்கே என்று ரைட்டரைக் கேட்டோம். அவர் எழுதிக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "அந்தம்மா மந்திரி வர்றாருன்னு பந்தோபஸ்துக்குப் போயிருக்காங்க. நாளைக்கு வாங்க."